மிங்க் இரத்தத்தில் கால்சியம் 0.6தானா? ரோமப் பண்ணை விலங்குகளின் தாது அளவுகள் பற்றி ஒரு சந்தேகம்

வடகாற்று

எல்லோருக்கும் வணக்கம். பின்லாந்தில் கால்நடை ஊட்டச்சத்து படிக்கிறேன். இங்கே மேற்குக் கரையோரம், ஒஸ்த்ரோபொத்னியா பகுதியில்தான் ரோமத்துக்காக விலங்கு வளர்க்கும் பண்ணைகள் அதிகம். நீல நரி, மிங்க், ரக்கூன் நாய் எல்லாம் உண்டு. ஒரு மிங்க் பண்ணையில், குட்டி போட்டு ஆறு வாரம் ஆன பெட்டைகளிடம் இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கைக்கு நான் விளக்கம் எழுத வேண்டும்.

பல மாதிரிகளில் கால்சியம் லிட்டருக்கு 0.6, 0.8 மில்லிமோல் என்று இருக்கிறது. பொட்டாசியம் 9-ஐத் தொடுகிறது. மக்னீசியமும் குறைவு. பாஸ்பரஸில் பெரிய மாற்றம் இல்லை. மெலிந்துபோன இரண்டு பெட்டைகளில் மட்டும் சோடியம் 130-க்குப் பக்கம், குளோரைடும் கீழே. மற்றவற்றில் சோடியம் 150-ஐ ஒட்டி.

பால் சுரப்பால் கால்சியம் இறங்கியிருக்கும், தீவனத்தில் எலும்புத்தூளைக் கூட்டச் சொல்லலாம் என்பது பண்ணைக்காரரின் யோசனை. மேற்பார்வையாளர் விடுமுறையில் இருக்கிறார். என்ன சொல்லுகிறீர்கள்?

கம்பளிப்பூச்சி

மாட்டுக்கு வருகிற பால்காய்ச்சல் மாதிரிதானே? கன்று போட்டதும் கால்சியம் இறங்கி மாடு படுத்துவிடும். கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

பால்காய்ச்சலில் படுத்துக் கிடக்கிற மாட்டுக்கே கால்சியம் 1.2, 1.3 இருக்கும். 0.6 என்றால் நம்ம ஊர்க் கணக்கில் டெசிலிட்டருக்கு 2.4 மில்லிகிராம். கூடவே பொட்டாசியம் 9. அப்படிப்பட்ட மிங்க் கூண்டில் ஓடியாடிக்கொண்டா இருக்கும்? இதயம் நின்றிருக்கும்.

தம்பி, இரண்டு கேள்வி. அந்தப் பெட்டைகளுக்கு வலிப்போ நடுக்கமோ இருந்ததா? அறிக்கையில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி எவ்வளவு?

வடகாற்று

வலிப்பு, நடுக்கம் எதுவும் இல்லை டாக்டர். மெலிந்த இரண்டைத் தவிர மற்றவை நன்றாகத் தின்கின்றன, கையுறையைக் கடித்துக் குதறுகின்றன. அல்கலைன் பாஸ்பட்டேஸ், கால்சியம் குறைந்த மாதிரிகளில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சோடியம் குறைந்த இரண்டில் ஒன்று அந்தக் கும்பலில் சேர்த்தி. இன்னொன்றில் கால்சியம் 2.4, சரியாக இருக்கிறது.

ஆய்வகத்துக்காரி

ஊதா மூடி டியூப்!

கோவையில் ஒரு கால்நடை லேபில் இருக்கிறேன், மாதத்துக்கு ஒன்றாவது இப்படி வரும். ஊதா மூடி டியூப்பில் இருக்கிற இடிடிஏ, இரத்தம் உறையாமல் இருக்கக் கால்சியத்தைக் கட்டிப்போடும் மருந்து. கட்டின கால்சியம் மெஷினுக்குத் தெரியாது. அந்த இடிடிஏ பொட்டாசியம் உப்பாகத்தான் டியூப்பில் தடவப்பட்டிருக்கும், அதனால் பொட்டாசியம் ஏறும். மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் வேலை செய்ய அந்த இரண்டும் வேண்டும், ஆகவே அது படுத்துவிடும். நாலும் சேர்ந்து வந்தால் நோயைத் தேடவே வேண்டாம், டியூப்பைத் தேடினால் போதும்.

மிங்க் பெட்டை என்ன, ஒரு கிலோ இருக்குமா? எடுக்கிற இரத்தமே கொஞ்சம். சிவப்பு மூடி டியூப்பில் அளவு பற்றவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சாய்த்து நிரப்பியிருப்பார்கள். முழுக்க ஊதா டியூப்பிலேயே ஓட்டியிருந்தால் பொட்டாசியம் இன்னும் மேலே போயிருக்கும். 9 என்றால் கொஞ்சம் கலந்த மாதிரி தெரிகிறது.

கம்பளிப்பூச்சி

சிவப்பணு உடைந்தாலும் பொட்டாசியம் ஏறுமே அக்கா? அதுவாக இருக்கக் கூடாதா?

ஆய்வகத்துக்காரி

ஏறும், ஆனால் கால்சியம் இப்படிப் பாதாளத்துக்குப் போகாது. செல் உடைந்தால் மக்னீசியம், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் மேலேதான் போகும். இங்கே மக்னீசியம் கீழே.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

அம்மா சொன்னதுதான் சரி. இன்னொன்றும் உண்டு. மனிதன், குதிரை சிவப்பணுவில் பொட்டாசியம் நிறைய. நாய், பூனைக்குப் பெரும்பாலும் குறைவு, உள்ளே சோடியம்தான் அதிகம். அதனால் மனித லேபில் பழகின கண்ணோடு ஊனுண்ணிகளின் பொட்டாசியத்தைப் பார்க்கக் கூடாது.

தம்பி கவனிக்க வேண்டியது சோடியம். பொட்டாசியம் இடிடிஏ கலந்தாலும் சோடியம் இறங்காது. ஆக அந்த இரண்டு பெட்டைகளின் குறைவு நிஜம். அவற்றை முதலில் பாருங்கள், எலும்புத்தூளை அப்புறம் பேசலாம்.

வடகாற்று

லேபில் கேட்டேன். அதே நேரத்தில் பச்சை மூடி ஹெப்பரின் டியூப்பிலும் கொஞ்சம் எடுத்துப் பிளாஸ்மா பிரித்து உறைய வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டச் சொன்னேன். கால்சியம் எல்லாவற்றிலும் 2.3-க்கும் 2.6-க்கும் நடுவில். பொட்டாசியம் நல்ல பெட்டைகளில் 4, 5. மெலிந்த இரண்டிலும் சோடியம் அதே 130, குளோரைடும் அப்படியே, பொட்டாசியம் மட்டும் 6-க்கு மேல். யூரியாவும் அதிகம். ஊதாவிலிருந்து சாய்த்தது பண்ணையில் உதவிக்கு வந்த பையன் என்று இப்போது சொல்கிறார்கள்.

பாலூட்டும் மிங்குக்கு வரும் 'நர்சிங் சிக்னஸ்' என்ற நோயா இது?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

அதுவேதான். நான் பார்த்ததில்லை, படித்தது மட்டும். ஆனால் படிக்க வேண்டிய நோய்.

மிங்க் ஏப்ரல் கடைசி, மே முதலில் குட்டி போடும். ஆறு, ஏழு வாரத்தில், அதாவது ஜூன் நடுவில், குட்டிகள் தாயளவுக்கு வரத் துடிக்கிற நேரத்தில், தாய் தீவனத்தை விட்டுவிடும். எடை கரைந்து, நீர் வற்றி, தள்ளாடி, கோமாவில் போய்ச் சாகும். நிறையக் குட்டி போட்ட தாய்க்கும் வயது கூடின தாய்க்கும்தான் அதிகம் வருகிறது. இரத்தத்தில் சோடியமும் குளோரைடும் இறங்கியிருக்கும், பொட்டாசியமும் யூரியாவும் ஏறியிருக்கும், தம்பி சொன்ன அதே படம். சிறுநீரைச் சோதித்தால் அதில் சோடியம் இருக்காது. உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும் அல்டோஸ்டிரோன் ஹார்மோன் உச்சத்தில் நின்று, சிறுநீரகம் ஒரு துளி உப்பையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது என்று அர்த்தம். பிடித்தும் பற்றவில்லை. பாலில் போகிற உப்பு, தின்கிற உப்பைவிட அதிகம்.

இதில் என்னை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று. கூண்டில் குட்டிகளுக்குத் தண்ணீர்க் குழாய் எட்டாது, எட்டினாலும் ஆரம்பத்தில் குடிக்கத் தெரியாது. நாலாவது வாரத்தில் கெட்டித் தீவனம் தின்னத் தொடங்கும், தாகம் எடுக்கும். அப்போது தாயின் வாயை நக்கி எச்சிலைக் குடிக்கும். வரிசையாக வந்து நக்கும். பால் ஒரு பக்கம், எச்சில் ஒரு பக்கம் என்று அந்தத் தாயிடமிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். குட்டிக்கு எட்டுகிற உயரத்தில் சொட்டுக் குழாய் வைத்தால் தாயின் சுமை குறையும். தீவனத்தை எவ்வளவு திருத்தினாலும் இதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

மீன்வாடை

வணக்கம், நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். அப்போ உப்பைத் தீவனத்தில் கூட்டினால் முடிந்ததுதானே டொக்டர்?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

பாதி முடிந்தது. பாலூட்டும் காலத்தில் தீவனத்தில் உப்புச் சேர்ப்பது வடக்கு நாடுகளில் பழகின வழக்கம், பலனும் உண்டு. தண்ணீர் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பே நஞ்சு. மீன் கழிவில் ஏற்கனவே எவ்வளவு உப்பு இருக்கிறது என்று அளக்காமல் கொட்டவும் கூடாது. நோய் வந்த தாயைக் குட்டிகளிடமிருந்து பிரிக்க வேண்டும், சலைன் ஏற்ற வேண்டும்.

மீதிப் பாதி, உப்புதான் மூல காரணமா என்பது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்சுலின் எதிர்ப்பைப் பேசுகின்றன. பால் சுரப்புக்காக உடல் கொழுப்பைக் கரைக்கிற வேகத்தில் சர்க்கரைக் கணக்குத் தப்பிப்போகிறது, இரத்தச் சர்க்கரை ஏறின தாய்களும் உண்டு. குளிர்காலத்தில் கொழுக்க வைத்து, இனச்சேர்க்கைக்கு முன் பட்டினி போட்டு இளைக்க வைக்கும் பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். சோடியம் குறைவைப் பார்த்துவிட்டு உப்பு மட்டும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பக்கம் விட்டுப்போகும். தம்பி, குளுக்கோஸும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் உறைய வைத்த அந்தப் பிளாஸ்மாவை எவ்வளவு நேரத்தில் பிரித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். இரத்தம் செல்லோடு கிடந்தால் குளுக்கோஸ் தானாகவே இறங்கும்.

கூண்டுக்கு வெளியே

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். ஒரு சிறிய கம்பிக் கூண்டில் விலங்கை அடைத்து, டிசம்பரில் தோலை உரிக்கிறீர்கள், அதற்கு நடுவில் சோடியம் எவ்வளவு என்று இவ்வளவு அக்கறையா? பிரிட்டன் 2000-லேயே சட்டம் போட்டு நிறுத்தியது. நோர்வே 2019-ல் சட்டம் போட்டது. டென்மார்க்கில் 2020-ல் கொரோனா பயத்தில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட மிங்க்குகளைக் கொன்று குவித்தார்கள். நீங்கள் இருக்கிற பின்லாந்திலேயே 2023-ல் பறவைக் காய்ச்சல் பண்ணைக்குள் புகுந்து நரிகளை அழித்தார்கள். இந்தத் தொழிலுக்கு விளக்கம் எழுதிக் கொடுப்பதுதான் படிப்பா?

வடகாற்று

கேள்வி நியாயமானதுதான். இந்தத் தொழில் இன்னும் எத்தனை வருடம் நடக்கும், நடக்க வேண்டுமா என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது. ஆனால் இன்றைக்கு அந்தக் கூண்டில் ஒரு தாய் மிங்க் உப்பில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது. சட்டம் வரும்வரை அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

நெறியாளர்

ரோமத் தொழில் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தாராளமாகப் பேசலாம். இங்கே இரத்தம், தாது, தீவனம் மட்டும்.

மீன்வாடை

நான் கேட்க வந்தது வேற. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கனபேர் மாதிரி, அப்பாவும் வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சதையைச் சீவி எடுத்த பிறகு மிஞ்சுகிற தலை, முள்ளு, குடல் எல்லாம் ரோமப் பண்ணைத் தீவனத்துக்குப் போகும் என்று சொல்லுவார். சில மீனின் கழிவைப் பச்சையாகக் குடுக்கக்கூடாதாம், குடுத்தால் மயிர் பஞ்சு மாதிரி வெளுத்துப் போகுமாம். அந்த மீனைத் தனிப் பெட்டியில் போட வேணும் என்று சொல்லி வைத்திருந்தவையாம். ஏன் என்று அவருக்கும் தெரியாது. இதுக்கும் இரத்தத்துக்கும் தொடர்பு இருக்கோ?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

இருக்கிறது. இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

கருப்பு மிங்கின் வெளிமயிர் நீளம், பளபளப்பு. அதற்கு அடியில் நெருக்கமான உள்மயிர். மேலே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரோமத்தை வாயால் ஊதிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான விலங்கில் அடியில் சாம்பல் கலந்த பழுப்பு நிறம் இருக்கும். இந்த நோய் வந்ததில் வெள்ளை வெளேரென்று இருக்கும். தோலின் விலை அங்கேயே போய்விடும். கூடவே வளர்ச்சி குன்றிய, வெளிறிய குட்டிகள். ஹீமோகுளோபின் விழுந்திருக்கும், சீரம் இரும்பும் விழுந்திருக்கும்.

ஆனால் தீவனத்தைப் பரிசோதித்தால் இரும்பு போதுமான அளவு இருக்கும்! அதுதான் வேடிக்கை. காட் மீன் குடும்பத்தில், அப்பா சொன்ன கரையில் கிடைக்கிற 'செய்' (sei) என்ற மீன், அப்புறம் வைட்டிங், ஹேக் போன்றவற்றில், டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் நிறைய. மீனை உறைய வைத்துக் கிடப்பில் போட்டால் அது உடைந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகும். இவை இரும்பைக் குடல் உறிஞ்ச முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. தின்ற இரும்பு அப்படியே வெளியே போய்விடும். நோர்வேயிலும் அமெரிக்காவின் ஓரிகன் பக்கமும் ஐம்பது, அறுபதுகளில் இதைப் பிடித்தார்கள். வேகவைத்துக் கொடுத்தால் பிரச்சினை இல்லை. தனிப் பெட்டி அதற்காகத்தான் இருந்திருக்கும்.

மீன்வாடை

அப்பாவிடம் சொன்னேன். "வேகவைக்கிற பெரிய அண்டா பக்கத்துக் கொட்டிலில் நிண்டது, இப்பதான் விளங்குது" என்கிறார்.

ஆய்வகத்துக்காரி

ஒரு எச்சரிக்கை. சீரம் இரும்பு குறைந்தாலே இந்த நோய் என்று எழுதிவிடக் கூடாது. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால், கல்லீரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹார்மோன் சுரந்து இரும்பை உள்ளேயே பூட்டிவிடும். சீரத்தில் துத்தநாகமும் கூடவே இறங்கும், செம்பு ஏறும். செம்பில் பெரும்பகுதி செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தில் உட்கார்ந்திருக்கிறது, அது அழற்சியில் கூடும் புரதம். ஒரு நரிக்குக் காலில் சீழ் வைத்திருந்தால் போதும், தாது அறிக்கை முழுக்கத் தலைகீழாகத் தெரியும்.

துத்தநாகத்துக்கு இன்னொரு தொல்லை, டியூப்பின் ரப்பர் மூடியிலிருந்தே கசியும். நுண்தாதுக்கென்று தனி டியூப் இருக்கிறது, அதில் எடுக்காத துத்தநாக அளவை நான் நம்புவதில்லை.

கம்பளிப்பூச்சி

அப்படியென்றால் செம்பு, துத்தநாகத்துக்கு இரத்தம் எடுப்பதே வீண்தானா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

வீண் இல்லை, தாமதமாகப் பேசும். செம்புக்குக் கல்லீரல்தான் கிடங்கு. அது காலியாகும்வரை இரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும். ரோமப் பண்ணையில் ஒரு வசதி, தோல் உரிக்கிற நவம்பர், டிசம்பரில் கல்லீரல் சும்மா கிடைக்கும். பத்துக் கல்லீரலை அனுப்பினால் மந்தையின் செம்பு நிலை தெரிந்துவிடும்.

கால்சியம் அதைவிட மோசம். சதையும் கல்லீரலும் மட்டும் போட்டு நரிக்குட்டி வளர்த்தால் கால்சியம் ஒரு பங்கு, பாஸ்பரஸ் இருபது பங்கு என்றுதான் போகும். இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் நரம்பும் தசையும் தாங்காது. அதனால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து இரத்தத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். அறிக்கையில் கால்சியம் 2.4 என்று அழகாக இருக்கும், முன்கால் வில்லாக வளைந்திருக்கும். எலும்பை எக்ஸ்ரேயில் பார்க்காமல் இரத்தத்தை மட்டும் பார்த்தவர் எல்லாம் சரி என்று எழுதிவிடுவார்.

தம்பியின் பண்ணைக்காரரிடம் சொல்லுங்கள், மீன் முள்ளும் கோழிக் கழிவும் போடுகிற இடத்தில் கால்சியம் பொதுவாகத் தேவைக்கு மேலேயே இருக்கும். மேலே எலும்புத்தூள் கொட்டினால் தீவனத்தில் சாம்பல், அதாவது மொத்தத் தாது அளவு, கூடும். மிங்குக்குச் சிறுநீர்ப்பையில் ஸ்ட்ரூவைட் கல் வரும், அது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. கல் வராமல் இருக்கச் சிறுநீரைப் புளிப்பாக்கத் தீவனத்தில் பாஸ்பாரிக் அமிலம் சேர்ப்பார்கள். எலும்புத்தூள் அந்த அமிலத்தையும் தின்றுவிடும்.

வடகாற்று

புரிகிறது டாக்டர். அலூசியன் நோய் இருக்கிற மந்தை என்றால் கால்சியத்தை எப்படிப் பார்ப்பது? இந்தப் பண்ணையில் முன்பு இருந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

அந்தப் பார்வோ வைரஸ் வந்தால் காமா குளோபுலின் எக்கச்சக்கமாக ஏறும், ஆல்புமின் இறங்கும். மொத்தக் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி ஆல்புமினைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது. ஆல்புமின் இறங்கினால் மொத்தக் கால்சியமும் இறங்கும், எதிலும் கட்டுப்படாத அயனிக் கால்சியம் அப்படியே இருக்கும். சிறுநீரகம் கெட்டிருந்தால் பாஸ்பரஸும் யூரியாவும் ஏறும். ஆகவே ஆல்புமின் இல்லாமல் கால்சியத்துக்கு விளக்கம் எழுதாதீர்கள். உங்கள் மெலிந்த இரண்டு பெட்டைகளுக்கும் யூரியா அதிகம் என்றீர்களே, அவற்றுக்கு அலூசியன் சோதனையும் போட்டுவிடுங்கள்.

முயல்காரர், கொடைக்கானல் மலை

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. நான் வளர்ப்பது முயல். சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் இரண்டும் இருக்கிறது. மன்னவனூரில் இருக்கிற மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் தொடங்கினேன். சின்சில்லா ரோமத்துக்கும் கறிக்கும் உண்டாக்கின இனம் என்றார்கள், நம்ம ஊரில் தோலை யார் கேட்கிறார்கள், கறிக்குத்தான்.

இரண்டு முயல் சோர்வாக இருந்தது என்று கீழே டவுனில் இரத்தம் சோதித்தேன். கால்சியம் 14 மில்லிகிராம், மிக அதிகம் என்று சிவப்பில் அடித்துக் கொடுத்தார்கள். கூண்டுக்கு அடியில் தட்டில் சிறுநீர் காய்ந்து சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

ஆய்வகத்துக்காரி

பயப்படாதீங்க அண்ணா. அந்த லேபில் நாய்க்கான அளவை வைத்துச் சிவப்பு அடித்திருப்பார்கள். முயலுக்கு 12 முதல் 16 வரை சாதாரணம்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

நான் மேலே கால்சியத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் முயலிடம் செல்லாது. மற்ற விலங்கின் குடல் தேவையான அளவுக்குத்தான் கால்சியத்தை உள்ளே விடும். முயலின் குடல் வருகிறதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், அதற்கு வைட்டமின் டி உத்தரவுகூட அவ்வளவாகத் தேவையில்லை. மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளும். மற்ற பாலூட்டிகளில் சிறுநீர் வழியாகப் போவது 2 சதவீதத்துக்கும் குறைவு, முயலில் 45 முதல் 60 சதவீதம். தட்டில் ஒட்டியிருக்கிறது அந்தக் கால்சியம் கார்பனேட்தான். முயலின் இரத்தம் மட்டும் தீவனத்தில் இருக்கிற கால்சியத்தை உள்ளபடி சொல்லும்.

என்ன போடுகிறீர்கள்?

முயல்காரர், கொடைக்கானல் மலை

குதிரைமசால் நிறைய. வேலிமசாலும் உண்டு. கொஞ்சம் கடைத் தீவனம். புல் குறைவுதான், வெட்ட ஆள் கிடைப்பதில்லை.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

குதிரைமசாலில் கால்சியம் அதிகம், அதுதான் 14. வளர்ந்த முயலுக்குப் புல்லைக் கூட்டி மசாலைக் குறையுங்கள். தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். வெள்ளைச் சிறுநீர் மணல் மாதிரி கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிப் போனாலோ, இரத்தம் கலந்தாலோதான் கவலை. சோர்வுக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, காதுக்குள்ளே சிரங்கு இருக்கிறதா, பல் நீண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முயல்காரர், கொடைக்கானல் மலை

ஒன்றுக்குப் பல் நீண்டு வளைந்துதான் இருக்கிறது சார், நீங்கள் சொன்ன பிறகுதான் வாயைத் திறந்து பார்த்தேன். புல் போதாததால் தேயவில்லை போல. நாளைக்கு டாக்டரைக் கூப்பிடுகிறேன். குட்டி போட்டு பால் கொடுக்கிற முயலுக்கும் மசாலைக் குறைக்கவா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்

வேண்டாம். பால் கொடுக்கிறவரை அதற்குக் கால்சியம் தேவை, மசாலை அப்படியே விடுங்கள். குட்டியைப் பிரித்த பிறகு குறைத்தால் போதும்.